சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே

பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து என்னென்ன வெளிவரும் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலுடைந்த முக்காலி, ஈயம் போன பாத்திரம், எவருக்கும் பொருந்தாத சாவிக் கொத்து. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊரான கோட்டைப்பட்டினத்தில் நண்பர் ஒருவரின் வீட்டைப் பிரித்தார்கள். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கிற்று. அதற்குள் இருபது கிராமபோன் இசைத்தட்டுகள் இருந்தன. நண்பரின் பாட்டனார் மலேயாவில் கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பும்போது கிராமபோன் பெட்டியையும் தட்டுகளையும் கொண்டுவந்தாராம். பெட்டி எப்போதோ கைமாறிவிட்டது. தட்டுகள் மட்டும் தங்கிவிட்டன.

ஓட்டுக் கூரையின் வெப்பத்தில் சில தட்டுகள் அப்பளம்போல் வளைந்திருந்தன. கடற்காற்றின் ஈரத்தில் சிலவற்றில் பூசணம் படிந்திருந்தது. ஒரு தட்டின் லேபிளைப் பூச்சி அரித்து, வாசித்தவரின் பெயர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. அந்தத் தட்டைச் சுழலவிட்டபோது ஒரு தந்தி வாத்தியம் ஒலித்தது. வீணை போலவும் இருந்தது, வீணை அல்லாதது போலவும் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது தாவவில்லை, வழுக்கிக்கொண்டு சென்றது. "இது கித்தார்" என்றார் நண்பர். "இல்லை, கோட்டுவாத்தியம்" என்றேன் நான். யார் சொன்னது சரி? வாசித்தவர் யார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடப் புறப்பட்டபோது, இயற்பியல் என்னை எங்கெங்கோ அழைத்துச் சென்றது. வாருங்கள், நீங்களும் உடன் வாருங்கள்.

தங்கூசியும் கண்ணாடிப் புட்டியும்

முதலில் ஒரு செயல்முறை. கடற்கரை ஊர்களில் மீன்பிடிக்கப் பயன்படும் தங்கூசி நரம்பு எளிதில் கிடைக்கும். ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையில் ஆணி அடித்து, சற்றுப் பருமனான தங்கூசியை அதில் கட்டுங்கள். மறு முனையைப் பலகையின் விளிம்புக்கு அப்பால் தொங்கவிட்டு, ஏறத்தாழ 4 கிலோ மணல் நிரப்பிய பையை அதில் கட்டுங்கள். எடை மாறாதவரை நரம்பின் இழுவிசையும் மாறாது. பலகைக்கும் நரம்புக்கும் இடையே இரண்டு சிறு மரக்கட்டைகளை 60 செ.மீ. இடைவெளியில் செருகுங்கள். நரம்பை மீட்டினால் ஒலிப்பது உங்கள் ஆதார ஷட்ஜம்.

இழுவிசையும் நரம்பின் பருமனும் மாறாதிருந்தால், அதிர்வெண் நரம்பின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். இப்போது ஒரு கண்ணாடிப் புட்டியை நரம்பின்மேல் குறுக்காக வையுங்கள். நரம்பு பலகையைத் தொடும் அளவுக்கு அழுத்த வேண்டாம், தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒலிக்கும் பகுதியின் நீளம் 30 செ.மீ. ஆகும்போது மேல் ஷட்ஜம் கேட்கும். 40 செ.மீ. என்றால் பஞ்சமம். 45 செ.மீ. என்றால் சுத்த மத்தியமம். 48 செ.மீ. என்றால் அந்தர காந்தாரம். 50 செ.மீ. என்றால் சாதாரண காந்தாரம்.

புட்டிக்குப் பதிலாக ஒரு பென்சிலை வைத்துப் பாருங்கள். ஒலி மங்கிவிடும். ஏன்? நரம்பில் ஓடும் அலை ஒரு முனையில் முழுமையாகத் திரும்பினால்தான் நிலையலை உருவாகும். கனமான பொருள் அலையைத் திருப்பி அனுப்புகிறது. இலேசான பொருளோ தானும் சேர்ந்து ஆடி, ஆற்றலை அப்பால் கசியவிடுகிறது. ஆகவே, வழுக்கும் பொருள் கனமாக இருக்க வேண்டும். நரம்பைக் கீறாத வழவழப்பும் அதற்கு வேண்டும்.

இனித்தான் நம் செய்திக்கு வருகிறோம். 48-க்கும் 50-க்கும் இடையே 2 செ.மீ. இருக்கிறதல்லவா? அந்த இரண்டு செ.மீ. இடைவெளியில் எத்தனை சுரங்கள் உள்ளன? மெட்டு வைத்த வாத்தியத்தைக் கேட்டால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லும். மெட்டு என்பது படிக்கட்டு. புட்டியோ சாய்தளம். சாய்தளத்தில் எந்த இடத்திலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். வீணை வாசிப்பவர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு இழுக்கக்கூடிய தொலைவுக்கு ஓர் எல்லை உண்டு. வழுக்கும் கட்டைக்கோ தந்தியின் முழு நீளமும் ஒரே பாதை.

இதற்கு விலையும் உண்டு. இங்கே கைக்கு வழிகாட்ட மெட்டு இல்லை. காதுதான் காட்ட வேண்டும். நம் பலகையில் ஷட்ஜத்துக்கும் அதற்கடுத்த அரைச்சுரத்துக்கும் இடையே சுமார் 3.4 செ.மீ. இருக்கும். மேல் ஷட்ஜத்துக்குப் போனால் அதே அரைச்சுரம் 1.7 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். மேலே போகப் போகப் பிழைக்கு இடம் குறைகிறது. பயிற்சி பெற்ற கை அங்கே மில்லிமீட்டர் கணக்கில் நின்றாக வேண்டும்.

தஞ்சைத் தரணியின் வழுக்கு வாத்தியம்

கோட்டுவாத்தியம் என்பது மெட்டு இல்லாத வீணை எனலாம். வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட, இடக்கையில் ஓர் உருளைக் கட்டை தந்தியின்மேல் வழுக்கும். கருங்காலிக் கட்டையும் மாட்டுக் கொம்பும் இதற்கு உதவியிருக்கின்றன; பிற்காலத்தில் டெஃப்லான் உருளையும் வந்தது. சித்ரவீணை என்ற பெயரும் இந்த வாத்தியத்துக்கு வழங்குகிறது.

திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர். அவருடைய மாணவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர்! பின்னாளில் பெரும் பாடகரானவர் இளமையில் ஒரு வாத்தியக் கலைஞரிடம் பாடம் கேட்டார். இதில் வியப்பு இல்லை. மனிதக் குரலுக்கும் மெட்டு கிடையாது, அதுவும் சாய்தளம்தான். பாட்டின் வளைவுகளை அப்படியே காட்டக்கூடிய வாத்தியம் பாடகனுக்கு ஏற்ற ஆசான் அல்லவா?

சகாராம ராவுக்குப் பின் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வந்தார். சென்னைக் கலாக்ஷேத்திராவில் இசை கற்பித்தவர் அவர். கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் ஆகியோரும் இந்தக் கலையை வளர்த்தனர். நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரண். வாய்ப்பாட்டுக் கலைஞர்களின் பெயர்களை ஒப்பிக்கும் இசை அன்பர்கள்கூட இந்தப் பெயர்களில் தயங்கி நிற்பதைப் பார்க்கிறோம். இவர்கள் வாசித்த வளைவுகளைச் ச-ரி-க-ம என்று தாளில் எழுதிவிட முடியுமா? எழுதலாம். ஆனால் தாளில் படிகள்தான் ஏறும், சாய்தளம் ஏறாது. தோடியின் காந்தாரத்தை "க" என்ற ஓரெழுத்தால் எழுதுகிறோம். வாசிக்கும்போதோ அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

கத்தியும் புட்டிக் கழுத்தும்

இதே சாய்தளத்தை உலகின் மறுபுறத்திலும் சிலர் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த இசை 'புளூஸ்'. துயரத்தையும் ஏக்கத்தையும் நையாண்டியையும் பாடும் இசை அது. டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசையமைப்பாளர் 1903-ஆம் ஆண்டு வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் புகைவண்டி நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார். கிழிந்த உடையோடு ஒருவர் அருகில் அமர்ந்து, கத்தியைக் கித்தார்த் தந்திமேல் அழுத்தி வழுக்கி வாசித்தாராம். அந்த ஒலியைத் தாம் மறக்கவே இல்லை என்று ஹாண்டி 1941-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். வாசித்தவரின் பெயர் அதில் இல்லை.

கத்தி மட்டும் அல்ல. எலும்பு, பித்தளைக் குழாய், உடைத்துத் தேய்த்த புட்டிக் கழுத்து ஆகியவையும் பயன்பட்டன. புட்டிக் கழுத்தை விரலில் மோதிரம்போல் மாட்டிக்கொள்வார்கள். புளூஸ் இசையில் 'புளூ நோட்' என்று ஒன்று உண்டு. நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடும் காந்தாரம் அது. நம் பலகையில் 48-க்கும் 50-க்கும் இடைப்பட்ட அதே 2 செ.மீ. இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புட்டிக் கழுத்து அங்கே தாராளமாக உலவும்.

ஹவாய்த் தீவுகளிலும் கித்தாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிற்று. ஜோசப் கெகுகு என்பவர் அதைப் பரப்பினார். அவருக்கும் முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஹொனலூலு வந்துசேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் அவ்வாறு வாசித்ததாக, சார்லஸ் கிங் என்ற ஹவாய் இசையமைப்பாளர் எழுதியிருக்கிறார். உடனே "எல்லாம் நம் நாட்டிலிருந்துதான் போயிற்று" என்று சொல்லிவிட நா துடிக்கும். ஒருவருடைய நினைவை மட்டும் நம்பி அப்படித் தீர்ப்பு எழுதுவது அறிவியல் முறை ஆகாது. தந்தியின் விதி எங்கும் ஒன்றே. அதைத் தொட்டுப் பார்த்த கைகள் பல இடங்களில் ஒரே வழியைக் கண்டிருக்கலாம்.

வழுக்கிசை புளூஸ் முதலில் தட்டில் பதிவானது 1923-இல். வாசித்தவர் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தைச் சேர்ந்த சில்வெஸ்டர் வீவர். 1927-க்குப் பிறகு அவர் ஒலிப்பதிவுக் கூடத்தின் பக்கமே போகவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் பிளைண்ட் வில்லி ஜான்சன் பார்வையற்றவர். தெருமுனைகளில் பக்திப் பாடல்கள் பாடியவர். பாடல்கள் பக்திப் பாடல்களானாலும் அவருடைய கித்தார் புளூஸ் மொழியையே பேசிற்று. ஒரு வரியைப் பாடத் தொடங்குவார். பாதியில் நிறுத்துவார். மீதியைக் கித்தார் 'பாடி' முடிக்கும். 1927 முதல் 1930 வரை 30 பாடல்களைப் பதிவு செய்தார். பிறகு ஒலிப்பதிவு உலகம் அவரை மறந்தது. வீடு தீக்கிரையான பின் வறுமையில் வாழ்ந்து 1945-இல் மறைந்தார்.

மூன்று நிமிடக் கணக்கு

இவர்கள் அனைவரையும் நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு கறுப்புத் தட்டு. அதன் இயற்பியலையும் சற்றுப் பார்ப்போம்.

10 அங்குலத் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஓர் அங்குல அகலத்தில் ஏறத்தாழ 100 வரிப்பள்ளங்கள் இருக்கும். ஒலி பதிந்த பகுதியின் அகலம் சுமார் இரண்டரை அங்குலம். ஆக, 250 சுற்றுகள். 250-ஐ 78-ஆல் வகுத்தால் 3.2 நிமிடம். ஓர் இராக ஆலாபனையும் ஒரு புளூஸ் பாடலும் ஏன் மூன்று நிமிடத்தில் அவசரமாக முடிகின்றன என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. கலைஞரின் விருப்பம் அதில் இல்லை. பள்ளத்தின் அகலம்தான் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நீட்டி வைத்தால் சுமார் 140 மீட்டர் வரும்.

1925-க்கு முன் ஒலிவாங்கி கிடையாது. கலைஞர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே நின்று பாடுவார். அவருடைய குரலின் ஆற்றலே ஒரு சவ்வை அதிரச் செய்து, ஊசியை அசைத்து, மெழுகில் பள்ளம் வெட்டும். வேறு ஆற்றல் எதுவும் துணைக்கு வராது. விநாடிக்கு ஏறத்தாழ 200 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்டவையும் 2,500-க்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் தொலைந்துபோகும். உரத்த குரல் பதிவாகும். மெல்லிய தந்தி ஒலி மங்கிப்போகும். தந்திக் கலைஞர்களுக்கு அந்தக் கூம்பு ஓரவஞ்சனை செய்தது என்றே சொல்லலாம். வீவர் 1923-இல் வாசித்தது இத்தகைய கூம்பின் முன்தான். 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. ஒலிவாங்கியும் பெருக்கியும் சேர்ந்து, தந்தியின் முணுமுணுப்பையும் பள்ளமாக மாற்றின. வில்லி ஜான்சனின் கித்தார் நமக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

தட்டு எதனால் ஆனது? கல்தூள், கரித்தூள், பஞ்சிழை இவற்றைப் பிணைக்கும் பசை அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குத்தான். உலகச் சந்தைக்கு அரக்கை அனுப்பியதில் இந்தியாவே முதலிடம் வகித்தது. ஆகவே, மிசிசிப்பியின் துயரப் பாட்டும் பெரும்பாலும் நம் நாட்டுக் காட்டுப் பூச்சியின் பிசினில்தான் பதிந்தது எனலாம்!

இந்தியாவில் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் பெருமளவில் தொடங்கிற்று. 1908-இல் அங்கேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலையும் வந்தது. முப்பதுகளில் சென்னையில் தட்டு வணிகம் சூடுபிடித்தது. பின்னாளில் ஏ.வி.எம். படநிறுவனத்தைத் தோற்றுவித்த காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரின் கலைத்தொழில் வாழ்வு இசைத்தட்டு விற்பனையில்தான் தொடங்கிற்று. எங்கள் பகுதி வீடுகளின் பரண்களில் இன்றும் தட்டுகள் அகப்படுவதில் வியப்பென்ன?

தட்டு பொய் சொல்லுமா?

சொல்லும். இருவகையில் சொல்லும்.

முதல் பொய் வேகத்தைப் பற்றியது. 78 என்று நாம் பெயர் வைத்தாலும், தொடக்கக் காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால் என்ன ஆகும்? எல்லா அதிர்வெண்களும் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் உயரும். அரைச்சுரம் என்பது ஏறத்தாழ 6 பங்கு. ஆகவே, கலைஞர் வைத்துக்கொண்ட சுருதியே கிட்டத்தட்ட அரைச்சுரம் ஏறிவிடும், தாளமும் விரையும். சுருதி ஏறினாலும் சுரங்களுக்கு இடையேயான விகிதம் மாறாது என்பதால் இராகம் மாறாது. அது ஓர் ஆறுதல்.

இரண்டாவது பொய் நுட்பமானது. தட்டின் நடுத்துளை சரியான மையத்திலிருந்து 1 மி.மீ. விலகியிருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து 9 செ.மீ. தொலைவில் ஊசி இருக்கும்போது, பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 1.1 பங்கு கூடும், 1.1 பங்கு குறையும். சுருதி மேலும் கீழுமாக அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே ஆடும். வாசிக்காத கமகம் ஒன்றைத் துளை வாசித்துவிடும்! வழுக்கிசைத் தட்டில் இது பெரிய குழப்பம். கலைஞரின் அசைவு எது, துளையின் அசைவு எது?

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. 78-ஐ 60-ஆல் வகுத்தால் 1.3. துளையின் பிழை விநாடிக்கு 1.3 முறை, இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். மனிதக் கை அப்படிச் செய்யாது. கோட்டைப்பட்டினத்துத் தட்டை ஓடவிட்டு, நானும் நண்பரும் கடிகாரத்தை வைத்து எண்ணினோம். பத்து விநாடிக்குப் பதின்மூன்று ஆட்டம். தட்டின் பொய்யைக் கண்டுகொண்டோம். அதைக் கழித்துவிட்டுக் கேட்டபோது, எஞ்சிய வழுக்கல்கள் தாளத்தோடு இசைந்து, வேண்டிய இடத்தில் தொடங்கி வேண்டிய இடத்தில் முடிந்தன. அவை ஒரு கையின் வேலை. இன்னொன்றும் கேட்டது: சுரம் எங்கெங்கு அலைந்தாலும், பக்கத்தில் சில தந்திகள் மாறாத சுருதியில் தாளத்துக்குத் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் பொதுவான தாளத் தந்திகள் அவை. நண்பர் கித்தார்க் கட்சியைக் கைவிட்டார்.

எண் இருக்கிறது; ஒலி இல்லை

வாசித்தவர் யார் என்ற கேள்வி மட்டும் நின்றது. புளூஸ் தட்டுகளைத் தேடித் திரிந்தவர்களின் அனுபவம் இங்கே நமக்குப் பாடம் ஆகும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்று 'பாரமவுண்ட்' என்ற பெயரில் தட்டுகளையும் வெளியிட்டது. 1930-இல் கீஷி விலி, எல்வி தாமஸ் என்ற இரு பெண்கள் அங்கே கித்தாரோடு பாடிப் பதிவு செய்தார்கள். இருவர் பெயரிலும் அறியப்படுபவை ஆறு பாடல்கள்தாம். அந்தத் தட்டுகளில் எஞ்சியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே ஆண்டில் அங்கே வாசித்த வில்லி பிரவுனின் தட்டு ஒன்றுக்கு 13099 என்ற எண் உண்டு; பாடல்களின் தலைப்புகளும் தெரியும். தட்டு மட்டும் யாருக்கும் அகப்படவில்லை. எண் இருக்கிறது, ஒலி இல்லை.

எப்படி அழிந்தன? பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனம் மூடப்பட்டது. 1942-இல், போரின் காரணமாக அரக்கு வரத்து குறைந்தபோது, அமெரிக்க அரசு அதன் பயனைக் கட்டுப்படுத்திற்று. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். ஒரு கலைஞரின் ஒரே சாட்சி, இன்னொருவரின் பாட்டுக்கு மூலப்பொருள் ஆயிற்று.

இதில் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? மறுபடி எண்ணிப் பாருங்கள். தாவும் சுரத்தைத் தாளில் எழுதி வைக்கலாம். வழுக்கும் சுரத்தைத் தாளில் எழுத வழியில்லை. பதிவுக் காலத்துக்கு முன் வாழ்ந்த வழுக்கிசைக் கலைஞரின் கை நமக்கு என்றென்றைக்கும் இல்லை. பதிவுக் காலத்தில் வாழ்ந்தவரின் கை, ஒரு தட்டு உடையாத வரையில் மட்டும் உண்டு.

உங்கள் வீட்டுப் பரணில்

ஆகவே, மாணவ நண்பர்களே, பெரியவர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய தட்டு இருந்தால் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்துங்கள். அரக்கு வெப்பத்தில் இளகும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் வைக்காதீர்கள். தூசியைத் துடைக்கச் சாராயச் சத்துள்ள 'ஸ்பிரிட்' எதையும் தொடாதீர்கள்! அரக்கு அதில் கரைந்துவிடும். மரச்சாமான்களுக்கு மெருகூட்டும் தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்? லேபிள் நனையாமல், குளிர்ந்த வடிநீரில் தோய்த்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பழைய இரும்பு ஊசியாலோ, நுண்பள்ளத் தட்டுக்கான மெல்லிய ஊசியாலோ ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். முன்னது பள்ளத்தைத் தேய்க்கும். பின்னது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். 78 சுற்றுத் தட்டுக்கென்றே தனி ஊசி உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, லேபிள் அழிந்திருந்தாலும் தட்டை எறியாதீர்கள். பள்ளம் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே, அரக்கிலேயே சில எழுத்துகளும் எண்களும் பதிந்திருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். அதுவே பதிவின் அடையாள எண். நிறுவனங்களின் பழைய விலைப்பட்டியல்களோடு அதை ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் பெயரையும் ஆண்டையும் கண்டுபிடிக்கிறார்கள். காரைக்குடிக்கு அருகில் உள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்கள்தாம் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இத்துறையில் உழைத்திருக்கிறது. சென்னையின் வி.ஏ.கே. ரங்கா ராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினார். குப்பைக்குப் போக இருந்ததைக் கையில் எடுத்தவர்களால்தான் நமக்கு வரலாறு கிடைக்கிறது.

தட்டு உடைந்தே இருந்தாலும் வைத்திருங்கள். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் கார்ல் ஹேபர், அணுத்துகள்களின் தடங்களை அளக்க உதவும் ஒளியியல் முறையைத் தட்டின் பள்ளங்களுக்குப் பொருத்தினார். ஊசி தொடவே இல்லை. பள்ளத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்து கணிப்பொறி ஒலியை மீட்கிறது. உடைந்த துண்டுகளையும் இம்முறையில் படிக்கலாம்.

விண்ணில் ஒரு தட்டு

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும், பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று வைக்கப்பட்டது. என்றோ யாரோ கண்டெடுத்தால், எந்த வேகத்தில் சுழற்றுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் 78 தட்டுகளில் இருந்த அதே சிக்கல்! அறிவியலாளர்கள் உறையின்மேல் விடையை வரைந்தார்கள். ஒரு சுற்றுக்கு 3.6 விநாடி என்பதை, ஹைட்ரஜன் அணுவின் ஒரு நிலைமாற்றத்துக்குரிய நேரத்தை அலகாகக் கொண்டு குறித்தார்கள். ஹைட்ரஜன் எங்கும் ஒன்றேதானே.

அந்தத் தட்டில் இந்தியாவின் சார்பில் கேசர்பாய் கேர்கர் பாடிய மூன்றரை நிமிடப் பைரவி இருக்கிறது. அதற்கு அடுத்த பதிவு எது தெரியுமா? தெருமுனையில் பாடி வறுமையில் இறந்த பிளைண்ட் வில்லி ஜான்சன், 1927 டிசம்பர் 3 அன்று டல்லஸ் நகரில் பதிவு செய்த வழுக்குக் கித்தார். சொற்களே இல்லாத முனகலும் தந்தியும் மட்டும் அதில் உண்டு. 1995-இல் ரவிகிரணின் சித்ரவீணையும், விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும், தாஜ் மகால் என்ற பெயர் கொண்ட அமெரிக்க புளூஸ் பாடகரின் குரலும் ஒரே இசைத்தொகுப்பில் சேர்ந்தன. மண்ணில் அந்தச் சந்திப்பு நிகழ்வதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, நம் பைரவியும் அவர்கள் புளூஸும் அடுத்தடுத்து விண்ணில் புறப்பட்டுவிட்டன.

கோட்டைப்பட்டினத்துத் தட்டு இப்போது நண்பரின் அலமாரியில், உறையிட்டு, செங்குத்தாக நிற்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் படித்த எண்ணை உறையின்மேல் எழுதி வைத்திருக்கிறோம். அந்த எண்ணுக்கு உரிய பெயர் ஏதோ ஒரு பழைய பட்டியலில் இருக்க வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவர் நமக்குப் பெயரில்லாதவர். ஆனால் காந்தாரத்தை அவர் எங்கே தொடங்கி எங்கே கொண்டுபோய் விட்டார் என்பதை நாங்கள் இருவரும் அறிவோம்.

உங்கள் பரணிலும் ஒருவர் காத்திருக்கக்கூடும். இந்த விடுமுறையில் ஏணியை எடுங்கள்.